ஆரோக்கியமான ஒருவரின் மரணம்

தணிகாசலம் இறந்துபோன செய்தி முதலில் தணிகாசலத்துக்குத்தான் வந்தது. அப்போது அவன் ஒரகடம் பக்கத்தில் ஒரு குடோனில், ஃப்ரிட்ஜ் பெட்டி ஒன்றை முதுகில் சாய்த்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க வேண்டியவன் பீடி குடித்துவிட்டு வரட்டும் என்று நின்றிருந்தான். சட்டைப்பையில் போன் அடித்தது.

"தணிகாசலம் சாருங்களா? அமிர்தகலசம் உயிர்நல ஆய்வு மையத்துலேர்ந்து பேசறோம். ஆழ்ந்த வருத்தத்தோட தெரிவிச்சுக்கறோம் சார். உங்க நகல் இன்னிக்குக் காலைல காலமாயிட்டாரு."

"யாரு?"

"உங்க நகல் சார். உங்க உடம்போட பிரதி."

"அப்ப நானு?"

அந்தப் பெண் சற்றுத் தடுமாறினாள். அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்ததில் இந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது. "லைன்லயே இருங்க சார்" என்றாள். பாட்டு வைத்தார்கள். நாதஸ்வரம். ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டே தணிகாசலம் தன் சாவுச் செய்திக்கு நடுவில் கல்யாண வாசிப்பைக் கேட்டான்.

முன்பெல்லாம் புது மருந்து ஒன்று வந்தால் அதை எடுத்த எடுப்பில் நோயாளிக்குக் கொடுக்கமாட்டார்கள். ஒரு நோயும் இல்லாத ஆளைப் பிடித்து, படுக்கவைத்து, விழுங்கவைத்து, அது ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, வேறொரு மாத்திரையோடு சேர்ந்தால் சண்டை போடுகிறதா என்று பார்ப்பார்கள். இப்படிப் படுப்பவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர். ஆர்வத்தால் வந்தவர் என்று ஒருவரைக்கூடத் தணிகாசலம் பார்த்ததில்லை. மில் மூடியவர், ஆட்டோ போனவர், வயல் போனவர் என்று எல்லாருக்கும் ஏதாவது ஒன்று போயிருந்தது. உடம்பு மட்டும் மிச்சமிருந்தது.

அந்த வேலையில் தணிகாசலம் பேர் வாங்கியவன். எத்தனை முறை ஊசி குத்தினாலும் முகம் சுளிக்கமாட்டான். போ என்றால் மூத்திரம் போவான், நில் என்றால் நிறுத்துவான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வார்டு அவனுக்குப் பிடித்திருந்தது. வெள்ளைப் படுக்கை, ஃபேன், நேரத்துக்குச் சாப்பாடு. வெளியில் எங்கே உட்கார்ந்தாலும் எழுப்பிவிட ஒருவன் இருப்பான். இங்கே எழுந்தால்தான் "படுங்க சார், படுங்க" என்று ஓடி வருவார்கள்.

பிறகு நகல் வந்தது. ஆய்வில் படுத்திருந்த ஆளிடமிருந்து எடுத்த ரத்தம், மூச்சு, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் வைத்து அந்த உடம்பையே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டார்கள். கை கால் முகம் கிடையாது. ஈரல் உண்டு, இதயம் உண்டு, சிறுநீரகம் உண்டு. மருந்தைக் காட்டினால் அசல் உடம்பு எதைச் செய்யுமோ அதைச் செய்யும். பீடி கேட்காது, டி.வி. சேனலுக்கு அடித்துக்கொள்ளாது. ஆகவே அசல்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு நன்றிப் பத்திரம். தீபாவளிக்குத் தீபாவளி மிக்சர் பொட்டலம். தணிகாசலம் குடோனுக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய நகல் எங்கோ குளிர் அறையில் ஓயாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் அவனுக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருக்கும்.

நாதஸ்வரம் நின்றது. "சார், நீங்க நல்லா இருக்கீங்களாம். டைரக்டர் உங்களை நேர்ல பாக்கணும்கறாரு. இரங்கல் கூட்டத்துக்கு வந்துடுங்க."

*

இரங்கல் கூட்டம் மையத்தின் குளிரூட்டிய அரங்கில் நடந்தது. நகல் ஒன்று இறப்பது அமிர்தகலசத்தில் இதுவே முதல் தடவை என்பதால் நெறிமுறைக் குழு இரண்டு அமர்வு கூடி ஆலோசித்ததாம். படத்துக்கு மாலை போடலாமா என்று கேள்வி வந்தபோது, உயிரோடிருக்கும் ஆளின் படத்துக்கு மாலை போடுவது சட்டப்படி குற்றமில்லை என்றாலும் பார்ப்பதற்கு நன்றாயிருக்காது என்று குழுவிலிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி தீர்ப்பளித்தார். பூங்கொத்து என்று முடிவாயிற்று. அதைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். தணிகாசலமும் எழுந்து நின்றான். முட்டி வலித்தது.

இயக்குநர் ஆதிகேசவன் பேசினார். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அது மனதிலிருந்து பேசுகிறார் என்பதற்கு அடையாளம்.

"அவர் ஓய்வறியாதவர். ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. அறிவியலுக்காகவே தன் ஈரலை..." இந்த இடத்தில் தொண்டை அடைத்தது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவனைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே கண்ணாடி மூக்கின்மேல் ஏறிவிட்டது.

"தணிகாசலம், நம்ம 'ஊக்கின்' மாத்திரை பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அலுப்பு, சலிப்பு, அசதி, எல்லாத்தையும் வேரோட புடுங்கிடும். உழைக்கிற மக்களுக்கு ஓய்வுலேர்ந்து விடுதலை. அடுத்த மாசம் வெளிய வரணும். பேக்டரிகாரங்க எல்லாம் வாசல்ல நிக்கறாங்க."

"நல்லதுங்க."

"இத்தனை நகலுக்குக் குடுத்தாச்சு. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உங்களோடது மட்டும், ஊக்கினையும் பிரஷர் மாத்திரையையும் சேத்துக் குடுத்தப்ப, போயிடுச்சு." அவர் குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளி கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்ட வருத்தம் இருந்தது. "என் அபிப்பிராயம் என்னன்னா, அந்த நகல்லயே எதோ கோளாறு. ஆனா வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. நகல் இறந்தா அசலை வெச்சுச் சோதிக்கணும்கறது விதி. அசல் நல்லாருந்தா நகல்தான் தப்பு."

"அசலு நல்லா இல்லேன்னா?"

"சேச்சே. அப்படியெல்லாம் நெகட்டிவா யோசிக்கக்கூடாது. கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவோம். டாக்டர் பக்கத்துலயே இருப்பாங்க." பிறகு இயக்குநர் குனிந்து, ரகசியம் மாதிரிச் சொன்னார்: "இது நல்லபடியா முடிஞ்சா உங்களை இங்கயே நிரந்தரமா வெச்சுக்கறதா உத்தேசம். பதவிப் பேரு கூட யோசிச்சு வெச்சிருக்கேன். 'முதுநிலை மூல உடலாளர்'."

வீட்டில் தேவகி இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுப் பானையை ணங்கென்று வைத்தாள்.

"அது இன்னா வேலை?"

"படுத்துக்கினு இருக்கற வேலை."

"ஒருக்கா செத்தது போதாதா உனக்கு? மறுபடி போயி முழுங்கிட்டு வர்றேன்றியே."

"செத்தது நான் இல்ல தேவகி, கம்ப்யூட்டரு."

"அதுக்கே தாங்கலியே. அது கரண்டு தின்னுட்டு இருந்தது. நீ என் கைச் சோறு தின்றவன். நீ தாங்குவியா?"

தணிகாசலம் சுவரில் சாய்ந்துகொண்டான். பயம் இல்லாமலில்லை. ஆனால் முதுகு அதற்கு முன்னால் பேசியது. "படுக்கணும் தேவகி. ஒரு வாரமாவது படுக்கணும்" என்றான். அவள் துணிப்பையில் அவனுடைய கைலியை மடித்து வைத்தாள். மடித்த விதத்தில் கோபம் தெரிந்தது.

*

வார்டில் கட்டில்கள் அப்படியே இருந்தன, ஆட்கள்தான் இல்லை. ஒரு காலத்தில் சீட்டாட்டமும் சிரிப்புமாகக் கிடந்த இடம். இப்போது அத்தனை கட்டிலுக்கும் நடுவில் தணிகாசலம் ஒருவன் மட்டும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வராத பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான்.

சாயங்காலம் டாக்டர் ரெஜினா வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. பழைய ஆய்வுகளிலேயே அவனுக்குத் தெரிந்தவர். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க ஊக்கின் போடலாமே டாக்டர்" என்றான் தணிகாசலம்.

"எனக்கு பிரஷர் இருக்கு" என்றார் ரெஜினா.

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டான். "நான் எப்பிடி செத்தேன் டாக்டர்?"

"தூங்கிட்டே. இதயம் மெதுவா, மெதுவா, இன்னும் மெதுவா அடிச்சு, நின்னுடுச்சு."

"வலிச்சுதா?"

"நகலுக்கு வலிக்கறதைப் பாக்க நாங்க இன்னும் மிஷின் வெக்கல." அவர் பாதத்தைப் பிடித்துவிடுவதை நிறுத்தினார். "இங்க பாருங்க தணிகாசலம், டைரக்டர் சொல்ற மாதிரி அது கோளாறுன்னு எனக்குத் தோணல. நாம முழுங்கற மாத்திரையை ஈரல் கரைச்சு வெளிய தள்ளணும். ஊக்கினும் சரி, பிரஷருக்குக் குடுக்கற இந்த மாத்திரையும் சரி, ரெண்டுக்கும் ஒரே வாசல்தான். பெரும்பாலானவங்களுக்கு வாசல் அகலம்; ரெண்டும் முட்டி மோதிப் போயிடும். சில பேருக்குப் பொறப்புலயே குறுகல். வெளிய தெரியாது. ஆளு ஜம்முனு இருப்பான். ஆனா ரெண்டையும் சேத்துப் போட்டா, போக வழியில்லாம ரத்தத்துலயே தங்கித் தங்கி, இதயத்தைப் படுக்க வெச்சுடும்."

"எனக்குக் குறுகலா?"

"உங்க நகலுக்குக் குறுகல். நகல் உங்க உடம்பைப் பாத்துக் கட்டினது. அதனாலதான் நாளைக்குக் கால்வாசி அளவுல ஆரம்பிக்கலாம்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். நாடி கொஞ்சம் இறங்கினாலும் நிறுத்திடுவேன்."

தணிகாசலம் கணக்குப் போட்டுப் பார்த்தான். இத்தனை வருஷம் எத்தனை மாத்திரை! எந்த வாசலும் அடைபட்டதாகத் தெரியவில்லையே. "நான் இங்க எவ்ளோ தடவ படுத்திருக்கேன். எல்லாத்தையும் பாத்தா கட்டினாங்க?"

"இல்லல்ல. முழுசா எல்லாம் அளந்து வெச்சது ஒரே ஒரு ஆய்வுலதான். ஏரி திறந்துவிட்டு ஊரெல்லாம் தண்ணி நின்னுச்சே, அந்த வருஷம். வயித்துப்புண் மாத்திரை. எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க, காய்ச்சல் காலம்னு."

டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு தணிகாசலம் சிரிக்க ஆரம்பித்தான். தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தான். ஏரி திறந்த வருஷம் அவன் இங்கே படுக்கவே இல்லை.

வார்டில் அப்போதெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் 'பேருக்குப் படுக்கிறது' என்று சொல்வார்கள். தேர்வான ஆளுக்குப் படுக்கிற அன்று சளியோ காய்ச்சலோ வந்துவிட்டால் சேர்க்கமாட்டார்கள். நோயுள்ளவனுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் கட்டில் காலியாக இருந்தால் ஆள் பிடித்துக் கொடுக்கிறவருக்கு மேலிடத்தில் திட்டு விழும். எனவே அவரே கூப்பிட்டு, "உன்னை மாதிரி இருக்கற எவனையாவது உன் பேருல அனுப்பு" என்பார். அண்ணன் பேரில் தம்பி படுப்பான், மாமன் பேரில் மருமகன் படுப்பான். மாத்திரை விழுங்க ஒரு ஆரோக்கியமான வயிறு வேண்டும், அவ்வளவுதானே? யாருடைய வயிறு என்று மாத்திரை கேட்கவா போகிறது? அந்த வருஷம் தணிகாசலத்துக்குக் காய்ச்சல் அடித்தது. அவன் பேரில் போய்ப் படுத்தவன் தேவகியின் தம்பி பூபாலன்.

ஆக, குறுகல் வாசல் தணிகாசலத்துடையது இல்லை. நாளைக்குக் கால்வாசி என்ன, கைப்பிடி மாத்திரையைத் தின்றுவிட்டு எழுந்து உட்காரலாம். நிரந்தர வேலை. வெள்ளைப் படுக்கை. முதுநிலை மூல உடலாளர். அவன் கால்களை நீட்டிப் படுத்து, அந்தப் பதவியை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

சொல்லி முடிப்பதற்குள், தேவகி போன பொங்கலுக்குச் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பூபாலனுக்கு பிரஷராம், இந்த வயசிலேயே.

போனை எடுத்தான்.

"இன்னா மாமா, செத்துட்டியாமே!" என்றான் பூபாலன். பின்னால் கேன்டீன் இரைச்சல். "அக்கா சொல்லிச்சு. கருமாதிக்கு வடை உண்டா, இல்ல வடையும் நகலா?"

"டேய், நீ பிரஷர் மாத்திரை போடறியா?"

"போடறேன். ஏன், உனக்கு வேணுமா?"

"ஊக்கின்னு ஒரு மாத்திரை வருதே..."

"அத்தச் சொல்லு! அடுத்த மாசத்துலேர்ந்து எங்க லைன்ல நிக்கறவன் அத்தினி பேருக்கும் ஃப்ரீ. நின்னுக்கினே செல்போன் மாட்டலாம், காலு வலிக்காது, கண்ணு எரியாது. டபுள் ஷிப்டு போட்டன்னு வையி, ஆடிக்குள்ள நான் சூப்பர்வைசர்."

"அத்த நீ போடாத."

"நல்லா சொன்ன போ. முழுங்கிட்டு வாயைத் தொறந்து நாக்கத் தூக்கிக் காட்டுனாத்தான் உள்ள விடுவானாம். எங்க மாமன் வேணான்ட்டாருன்னா வுட்ருவானா? அதுக்கு மருந்துக் கம்பெனியே எழுதித் தரணும், இன்னாருக்கு ஆகாதுன்னு. நீ இன்னா, செத்ததுலேர்ந்து ஒரு மாதிரியா பேசற?"

தணிகாசலம் வாயைத் திறந்தான். செத்தது நான் இல்லடா, நீ. சொன்னால் என்ன ஆகும்? முதலில் பூபாலன் நம்பமாட்டான். நம்பினால் கேன்டீன் முழுக்கச் சொல்வான். பேர் மாறிப் படுத்தவன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தான்.

வெள்ளைப் படுக்கை, ஃபேன், அமைதி. தூக்கம் மட்டும் வரவில்லை.

*

காலையில் மாத்திரைகளைப் பட்டுத்துணி விரித்த தட்டில் கொண்டுவந்தார்கள். வீடியோ எடுக்க ஒருவர், பார்த்துக் கையெழுத்துப் போட நெறிமுறைக் குழுவிலிருந்து நீதிபதி. இயக்குநர் புதுச் சட்டை போட்டிருந்தார். ரெஜினா நாடிக் கருவியைத் தணிகாசலத்தின் விரலில் மாட்டினார்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றான் தணிகாசலம். சொன்னான். காய்ச்சல், கட்டில், மச்சான், மாஸ்க், எல்லாவற்றையும். நீதிபதி காதில் கையை வைத்துக் கேட்டார். வீடியோக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவை நிறுத்தினார்.

திட்டு விழும், போலீஸ் வரும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, இயக்குநரின் முகம் தீபாவளி மாதிரி இருந்தது.

"அப்படீன்னா அது உங்க நகலே இல்ல!"

"இல்லீங்க. எங்க மச்சான்."

"மச்சான்னு நீங்க சொல்றீங்க. எங்க பதிவுல மச்சான்னு யாருமில்லையே. அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டாரா? போடல. சம்மதம் தராத ஒரு உடம்பைக் காலமெல்லாம் நகல் எடுத்து வெச்சிருந்தோமா நாம?" இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு பெரிய அநியாயம்! அந்த முகம் தெரியாத மனுஷருக்கு நாம பண்ற ஒரே மரியாதை, அவர் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் உடனே அழிச்சிடறதுதான். நகலை, அளவுகளை, எல்லாத்தையும்."

"செத்ததையுமா?" என்றான் தணிகாசலம்.

"ஆளே இல்லேன்னா சாவு ஏதுங்க?"

நீதிபதி பலமாகத் தலையாட்டினார். "தர்க்கப்படி சரி" என்றார்.

"சார்" என்றார் ரெஜினா. "பேர் யாரோடதா வேணா இருக்கட்டும். அந்தக் குறுகல் வாசல் நிஜம். நூறு பேர் லைன்ல நின்னா அதுல சில பேருக்கு அது இருக்கும். பிரஷரும் இருந்தா..."

"நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு ரெஜினா" என்றார் இயக்குநர், அழுகிற குழந்தையைத் தட்டுகிற குரலில். "தணிகாசலம், நீங்க எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? மாத்திரைகூட முழுங்க வேணாம். பதவி உங்களுக்குத்தான்."

தணிகாசலத்துக்கு ஒன்று விளங்கியது. அவன் உண்மையைச் சொன்னான். அவர்கள் அதைப் பட்டுத்துணியில் வாங்கிக்கொண்டார்கள். இனி பூபாலன் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போவான். லைனில் நின்றுகொண்டே, கால் வலிக்காமல், கண் எரியாமல், மெதுவாக, இன்னும் மெதுவாக.

"சார், நான் சொன்னது பொய்யி" என்றான்.

"என்ன?"

"மாத்திரைக்குப் பயந்துக்கினு கதை வுட்டேன். அந்த வருஷம் படுத்தது நான்தான். காய்ச்சலு கீச்சலு ஒண்ணுமில்ல. அது என் உடம்புதான் சார். செத்தது நான்தான்."

இயக்குநரின் முகத்தில் தீபாவளி அணைந்தது. பழக்கப்பட்டவர், சட்டென்று மீண்டார். "அதுக்கென்ன, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா வெட்டவெளிச்சமாயிடும். ரெஜினா, எடுங்க."

ரெஜினா ஊசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் குத்தாமல் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு ஆய்வுக்கு முன்னாலும் ஒரு பத்திரத்தை வாசித்துக் காட்டுவார்கள். அதன் கடைசியில் வருவது: 'தன்னார்வலர் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் கூறாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.' அந்த வரி வரும்போது எல்லாரும் கொட்டாவி விடுவார்கள். விலகியவனை அப்புறம் எந்த மையமும் கூப்பிடாது என்பதால் அந்த உரிமையைப் பயன்படுத்திய ஒருவரையும் தணிகாசலத்துக்குத் தெரியாது.

"நான் விலகிக்கறேன் டாக்டர்" என்றான்.

"காரணம்?" என்றார் இயக்குநர்.

"காரணம் கேக்கக்கூடாது சார்" என்றார் ரெஜினா. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "விலகிட்டா ரத்தமும் எடுக்கக்கூடாது. அவரோட மத்த ஆய்வுக் கணக்கு எதையும் எடுத்து ஒப்பிட்டும் பாக்கக்கூடாது. ஆனா விலகறதுக்கு முன்னாடி பதிவான ஆபத்து மட்டும் அப்படியே நிக்கும். அசலை வெச்சுச் சோதிக்க முடியலேன்னா நகலோட முடிவுதான் முடிவு. நெறிமுறை சார்."

எல்லாரும் நீதிபதியைப் பார்த்தார்கள். அவருக்கு இட்லி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "இதுவும் தர்க்கப்படி சரிதான்" என்றார்.

தணிகாசலம் கைலிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ரெஜினா லிஃப்ட் வரை வந்தார்.

"மச்சான் எங்க வேலை பாக்கறாரு?"

"எனக்கு மச்சானே கெடையாதுங்க டாக்டர்."

"சரி" என்றார் ரெஜினா. லிஃப்ட் கதவு மூடுகிறவரை அங்கேயே நின்றார்.

*

சொன்ன மாதத்தில் ஊக்கின் வெளியே வந்தது. டப்பாவில் ஒரு வரி கூடுதலாக அச்சிட்டிருந்தது: 'இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் பயன்படுத்தலாகாது.' வெளியீட்டு விழாவில் அந்த வரிக்காகவே ஆதிகேசவனுக்குப் பாதுகாப்பு விருது கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பெற்றுக்கொண்டார்.

எல்லா மையங்களின் கம்ப்யூட்டரிலும் தணிகாசலத்தின் பேருக்கு நேரே 'இறந்த உடல்' என்று ஏறிவிட்டது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் இனி பாலிசி தர இயலாது என்று ஒரே வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். குடோனிலும் ஊக்கின் வந்தது. பீடிக்கு ஒதுங்குகிற பழக்கமே ஒழிந்தது. நேற்றுவரை முனகிக்கொண்டு தூக்கியவர்கள் ஃப்ரிட்ஜைப் பூக்கூடை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தணிகாசலத்துக்கு மட்டும் மாத்திரை இல்லை. அதைத் தின்று செத்ததாகப் பதிவான ஆளுக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் பெட்டியின் மறுமுனை ஓடும்போது இந்த முனையும் ஓடித்தானே ஆகவேண்டும்? ஓடினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபாலன் சாப்பிட வந்தான். தேவகி வஞ்சிரம் வறுத்திருந்தாள். அவன் தட்டில் கை வைக்கவில்லை.

"லைன்லேர்ந்து எடுத்துட்டான்க்கா. பிரஷர் கேசு எல்லாரும் தனியா அட்டை மடிக்கப் போங்கன்ட்டான். எனக்குக் கீழ இருந்த பொடிப்பய இப்ப சூப்பர்வைசரு. என்னப் பாத்து, 'அண்ணே, டயர்டா இருந்தா உக்காந்துக்கங்க'ன்றான்."

"உடம்புக்கு ஆகாதுன்னுதானடா குடுக்கல" என்றாள் தேவகி.

"இன்னா ஆகாது? எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன். எல்லாம் மாமாவோட நகலு செத்ததுனால வந்த வெனை." அவன் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினான். "கூப்பிட்டாங்கல்ல மாமா உன்னிய? ஒரு மாத்திரை. முழுங்கிட்டு எழுந்து வந்திருந்தா இத்தினி பேரு பொழப்பு நல்லாருந்திருக்கும். விலகிட்டியாமே. உசுரு மேல அவ்ளோ பயமா?"

தேவகி புருஷனைப் பார்த்தாள். போக வேண்டாம் என்று சண்டை போட்டவள்தான். ஆனாலும் தம்பியின் முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கும் அதே கேள்வி கண்ணில் வந்து நின்றது.

சொல்லிவிடலாம். சொன்னால் பூபாலன் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறி, அந்த உடம்பு என்னுடையது, எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரையைக் கொடுங்கள் என்று அமிர்தகலசத்து வாசலில் போய் நிற்பான். ஆதிகேசவன் ஓடிவந்து கட்டிக்கொள்வார். தணிகாசலத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சுவரில் சாயக்கூட அலுப்பாக இருந்தது.

"பயந்தான்" என்றான்.

"நானா இருந்தா முழுங்கியிருப்பேன் மாமா" என்றான் பூபாலன்.

"தெரியும்டா" என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தான். "சாப்பிடு. ஆறிடும்."